தாடைப் பூட்டு

அமலோற்பவத்துக்கு விடிகாலைப் பெரட்டில், ஆள் கணக்கெடுக்கும் வரிசையில் நிற்கும்போது கொட்டாவி வந்தது.

இரவெல்லாம் பிள்ளைக்கு வயிற்று உப்புசம். தோளில் போட்டுக்கொண்டு அடுப்புக்கும் கதவுக்குமாக நடந்தே பொழுது போயிருந்தது. பெரட்டுக்களத்தில் கணக்கெழுதும் கிராணியின் அரிக்கன் விளக்கைத் தவிர வேறு வெளிச்சம் இல்லை. பனி இறங்கி எல்லாருடைய தலைத்துணியும் ஈரமாக ஒட்டிக்கிடந்தது. கழுவியும் போகாத ரப்பர்ப் பால் வாடை வாளிகளிலிருந்து புளிப்பாகக் கிளம்பிக்கொண்டிருந்தது. லெட்சுமணன் கங்காணி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டு வந்தார். தன் பெயர் வருவதற்குள் கொட்டாவியை விட்டுவிடலாம் என்று அமலோற்பவம் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு வாயைத் திறந்தாள். இரண்டு காதுக்கும் முன்னால் மொடுக்கென்று கேட்டது.

வாய் மூடவில்லை.

அந்த இடத்து வலி அவளுக்குப் புதிதல்ல. பிள்ளை பிறந்ததிலிருந்தே காதோரத்துத் தாடைப் பூட்டில் ஒரு நோவு இருந்தது. சோறு மெல்லும்போது உள்ளே யாரோ சொடக்குப் போடுவதுபோலக் கேட்கும். காலையில் எழுந்தால் தாடை இறுகிக் கிடக்கும். பல்வலி என்று நினைத்துக் கிராம்பு வைத்துக் கடித்துப் பார்த்தாள். கடித்ததில் வலி கூடியதுதான் மிச்சம். பிறகு யாரிடமும் சொல்லவில்லை. பால்மரம் வெட்டப் போகிறவளுக்குக் கை இருந்தால் போதும், தாடையைப் பற்றி யார் கேட்கப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாள்.

“அமலோற்பவம்!”

அவள் வாயை மூடப் பார்த்தாள். கீழ்த்தாடை எதிலோ முட்டிக்கொண்டு நின்றது.

“ஏய், மரியநாதன் பொஞ்சாதி! பேரு கூப்புட்டா வாயில என்னா கொழுக்கட்டையா?”

“ஆ... ஆ...”

பக்கத்தில் நின்ற வெள்ளையம்மா திரும்பிப் பார்த்தாள். தோட்டத்து வரிசைவீடுகளான லயத்தில் அடுத்த வீட்டுக்காரி அவள். புருசனைப் பறிகொடுத்தவள், வாயும் கையும் ஒன்றுபோல ஓடும். “என்னாடி ஆச்சு?” என்று முந்தானையை விலக்கியவள் ஒரு அடி பின்னால் போனாள். கங்காணி விளக்கை வாங்கி உயர்த்தினார். மோவாய் முன்னால் தள்ளிக்கொண்டு, கன்னம் ஒட்டி, வாய் பிளந்தபடி நின்றது. உமிழ்நீர் மார்பில் வழிந்துகொண்டிருந்தது. கண் மட்டும் மிரண்டு மிரண்டு எல்லாரையும் பார்த்தது.

“முனீஸ்வரா!” என்றாள் ஒருத்தி. வரிசை கலைந்துபோனது.

“எந்த நிரையில வெட்டுறா இவ?” என்று கங்காணி கிராணியிடம் கேட்டார். ஆனால் அவருக்கே தெரியும். ஆற்றோரத்து மர வரிசையான அந்த நிரையை அவளுக்குக் கொடுத்தவர் அவர்தான். போன வருசம் கிருஷ்ணம்மா என்ற பெண் தூக்குப் போட்டுக்கொண்டது அந்த நிரையில். இறக்கியபோது அவள் வாய் இப்படித்தான் பிளந்து கிடந்தது என்று எல்லாரும் பேசிக்கொண்டதுண்டு. அதற்குப் பிறகு அந்த நிரைக்குப் போக யாரும் ஒத்துக்கொள்ளவில்லை. வேதக்காரக் குடும்பத்துக்கு என்ன பயம் என்று சொல்லி அமலோற்பவத்தின் தலையில் கட்டினார்கள். தினமும் கிருஷ்ணம்மா தொங்கிய மரத்தருகே வரும்போது அவள் கழுத்துச் செபமாலையைப் பிடித்துக்கொண்டுதான் பட்டையைச் சீவுவாள்.

“இது நோவு இல்ல. அவதான் வந்து ஒக்காந்திருக்கா” என்றார் கங்காணி மெதுவாக. “யாராச்சும் போயி வீரமுத்து பூசாரிய எழுப்புங்க. வேப்பங்கொலயோட வரச் சொல்லுங்க.”

அமலோற்பவம் தலையை வேகமாக ஆட்டினாள். இல்லை, எனக்கு எதுவும் இல்லை, தாடைதான் விலகிக்கொண்டது என்று சொல்ல நினைத்தாள். வெளியே வந்தது நீளமான ஒரு ஊளை. தன் தொண்டையிலிருந்து அப்படியொரு சத்தம் வரும் என்று அவள் நினைத்ததே இல்லை. அதைக் கேட்டதும் எஞ்சி நின்ற பெண்களும் ஓடினார்கள். அவளுக்கே உள்ளூர ஒரு குளிர் ஏறியது. ஒருவேளை அப்படித்தானோ? கிருஷ்ணம்மாதானோ?

ஸ்டோரில் பால் ஊற்றும் தொட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்த மரியநாதன் ஓடிவந்தான். நல்ல உழைப்பாளி, ஆனால் இடி இடித்தால் பாயைத் தலைக்கு மேல் போர்த்திக்கொள்கிற ஆள். வண்டிமாடு தலையைத் திருப்பினால் விலகி நடப்பான். மனைவியின் முகத்தைப் பார்த்ததும் அப்படியே நின்றான். அவள் கையை நீட்டினாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். ஆனால் அவள் முகத்தைப் பார்க்காமல் கையையே பார்த்துக்கொண்டு நின்றான்.

“கங்காணியாரே, பூசாரி வேணாம். டிரசர் ஐயாகிட்ட காட்டிருவோம்” என்றான்.

“டிரசர் மருந்துக்கு இது போவுமா? ஒரு அடி அடிச்சா எறங்கிப் போயிரும்.”

“பச்ச ஒடம்புக்காரிய அடிக்கிறதா? இது என்னா பேச்சு?” என்று வெள்ளையம்மா இடையில் புகுந்தாள். “நட அமலு. நான் வாரேன்.”

போகிற வழியில் ஆயாக் கொட்டகை. கங்காணியின் மனைவி பேச்சியம்மாள்தான் அங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்பவள். அமலோற்பவத்தின் பிள்ளை தொட்டிலில் கிடந்தது. தாயைக் கண்டு கையைத் தூக்கிய பிள்ளை, முகத்தைப் பார்த்ததும் வீறிட்டது. பேச்சியம்மாள் அதை வாரி எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, “கிட்ட வராத. பச்சப்புள்ள மேல தாவிரும்” என்றாள். அவள் வேண்டுமென்று சொல்லவில்லை. அவளும் பயந்துதான் போயிருந்தாள். வெள்ளையம்மா சண்டை போட்டுத்தான் பிள்ளையை வாங்க வேண்டியிருந்தது.

*

தோட்டத்து மருந்துக்கொட்டகை ஆற்றுக்கு அந்தப் பக்கம். டிரசர் கிரகோரி காய்ச்சலுக்குக் கொயினா கொடுப்பார், புண்ணைக் கழுவிக் கட்டுவார், பிரசவத்துக்கு வருவார். அவளை முக்காலியில் உட்கார வைத்து மோவாயைப் பிடித்து மேலே தள்ளினார். மூளைக்குள் ஆணி இறங்கியதுபோல இருந்தது. அவள் அவருடைய கையைத் தட்டிவிட்டுச் சுருண்டு கீழே விழுந்தாள்.

கிரகோரி கையைத் துடைத்துக்கொண்டார்.

“மரியநாதா, இது பேயுமில்ல பிசாசுமில்ல. எலும்பு குழிய விட்டு முன்னால வந்து நிக்குது. புஸ்தகத்துல படிச்சிருக்கேன், கையால செஞ்சதில்ல. நான் மறுபடியும் தள்ளினா ஒடைச்சாலும் ஒடைச்சிருவேன்.”

“பெரிய டாக்டர் எப்ப வருவாருங்க ஐயா?”

“அடுத்த வாரம். அதுவரைக்கும் தாங்காதுப்பா. தண்ணி முழுங்க முடியல, பால் கட்டிக்கும், எலும்பும் அங்கனயே ஒறைஞ்சிரும். பத்து பஹாட் பட்டணத்துக்குப் போ. அங்க கடைத்தெருவுல ஒரு ஜப்பான்காரப் பல் டாக்டர் இருக்கார். தாடைக்கு அவருதான். இன்னிக்கே போ. நான் கிராணிகிட்ட சொல்லிக்கறேன்.”

“பல்லு டாக்டரா? பல்லப் புடுங்கிருவாரா?”

“புடுங்கமாட்டார். பயப்படாத.”

பயப்படாதே என்றதும் மரியநாதனுக்கு முகம் இன்னும் வெளிறியது.

ரப்பர் ஷீட்டு ஏற்றிய மாட்டுவண்டி சடக்குக்கு, பெரிய ரோட்டுக்குப் போகிற நேரம். ஷீட்டுக் கட்டுகளின் மேல் அமலோற்பவம் உட்கார்ந்தாள். பிள்ளையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு வெள்ளையம்மாவும் ஏறினாள். அவள் கையில் கால் கட்டிய சேவல் ஒன்று தலைகீழாகத் தொங்கியது. “டாக்டருக்கு வெறுங்கையோட போறதா?” என்றாள். வண்டி புகைவாடை அடிக்கும் ரப்பரோடு செம்மண் பள்ளங்களில் ஆடி ஆடிப் போனது. ஒவ்வொரு குலுக்கலுக்கும் தாடைக்குள் கொள்ளி வைத்தாற்போல இருந்தது. அமலோற்பவம் ஒரு துண்டை வாயின் மேல் பொத்திப் பிடித்திருந்தாள். துண்டு நனைந்து சொட்டியது.

யோங் பெங்கில் பஸ் ஏறினார்கள். வெள்ளையம்மா துணியைத் தண்ணீரில் முக்கி அவள் நாக்கில் சொட்டுச் சொட்டாகப் பிழிந்தாள். பாதி உள்ளே போனது, பாதி புரையேறியது. வாய் திறந்தபடி புரையேறுவது என்னவென்று அன்றைக்குத்தான் அமலோற்பவத்துக்குத் தெரிந்தது. மூச்சு நின்று கண் இருண்டு வந்தது. இதோ செத்தேன் என்று நினைத்தாள். மரியநாதன் அவள் முதுகைத் தட்டினான்.

முன் இருக்கையில் இருந்தவர்கள் எழுந்து பின்னால் போனார்கள். ஒரு மலாய்க்கார அம்மா மட்டும் நகரவில்லை. தலைத்துணியின் நுனியால் அமலோற்பவத்தின் கழுத்தைத் துடைத்துவிட்டு, “காசியான்” என்றாள். பாவம் என்று அர்த்தம். சேவல் அந்த நேரம் பார்த்துக் கூவியது. ஓட்டுநர் திரும்பிப் பார்த்து என்னவோ திட்டினான்.

பிள்ளை பசித்து அழுதது. வெள்ளையம்மா அதைத் தாயின் மடியில் போட்டு, முகம் தெரியாதபடி முந்தானையை இழுத்துவிட்டாள். பிள்ளை குடித்தது. அமலோற்பவம் ஜன்னலுக்கு வெளியே ஓடுகிற மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தான் செத்துப்போனால் இது யார் கையில் வளரும் என்ற ஒன்றே திரும்பத் திரும்ப மனதில் வந்தது. பேச்சியம்மாள் தொடமாட்டாள். பேய் பிடித்துச் செத்தவளின் பிள்ளை என்று லயமே ஒதுக்கும்.

*

பல் டாக்டர் கடையின் கண்ணாடிப் பெட்டிக்குள் ஈறோடு பல் வரிசைகள் சிரித்துக்கொண்டிருந்தன.

“ஆத்தே, செத்தவங்க பல்லா அது?” என்று வெள்ளையம்மா நின்றுவிட்டாள்.

“கட்டுறதுக்குச் செஞ்ச பல்லுக்கா. உள்ளார வாங்க” என்றான் மரியநாதன். அவனும் அதைப் பார்க்காமல்தான் நுழைந்தான்.

உள்ளே மருந்து வாடை. நடுவில் இரும்பு நாற்காலி. பக்கத்தில் காலால் மிதித்து ஓட்டுகிற துளைபோடும் மெஷின், தையல் மெஷின் மாதிரி, ஆனால் நுனியில் ஊசிக்குப் பதிலாகத் திருகாணி. அதைக் கண்டதும் அமலோற்பவத்தின் கால்கள் தரையில் ஊன்றிக்கொண்டன. வெள்ளைக் கோட்டு போட்ட ஒல்லியான மனிதர் ஒருவர் எழுந்து வந்தார். மூக்குக்கண்ணாடி, நரைத்த மீசை. பின்னால் அவருடைய மனைவி, கையில் துணியோடு. டாக்டர் அமலோற்பவத்தின் அருகே குனிந்தார். இரண்டு விரலால் காதுக்கு முன்னால் இருந்த பள்ளத்தைத் தொட்டார். அவ்வளவு மெதுவாகத் தொட்டும் அவள் பதறிப்போனாள்.

“ஜாங்கான் தாகுட்” என்றார்.

“பயப்படாதேங்கறாரு” என்றான் மரியநாதன். கடைத்தெருவில் பேசுகிற பாசார் மலாய் அவனுக்கு நன்றாக வரும்.

நாற்காலியில் உட்கார வைத்தார்கள். டாக்டர் பெருவிரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு வாய்க்குள் விட்டார். கடைவாய்ப் பல்லின் மேல் விரல்கள் உட்கார்ந்தன. அவர் கீழ்நோக்கி அழுத்தியபோது அவள் கண்ணுக்குள் மின்னல் அடித்தது. அவளை அறியாமலே கால் உதைத்தது. மருந்துத்தட்டு பறந்து தரையில் உருண்டது. இன்னொரு முறை அழுத்தினார். தாடை அசையவில்லை. பிள்ளை கத்தியது, சேவல் சிறகடித்தது. மரியநாதன் சுவரோடு ஒட்டிக்கொண்டு, “ஆண்டவரே, ஆண்டவரே” என்று முணுமுணுத்துக்கொண்டிருந்தான்.

டாக்டர் கையை எடுத்துவிட்டார். முடியாது என்று சொல்லப்போகிறார் என்று அமலோற்பவம் நினைத்தாள். அவரோ ஒரு சின்ன முக்காலியை இழுத்துப் போட்டு அவள் எதிரே உட்கார்ந்து, அவசரமே இல்லாதவர்போல மலாயில் பேச ஆரம்பித்தார். மரியநாதன் துண்டு துண்டாகச் சொன்னான்.

“எலும்பு ஒண்ணும் ஒடையலியாம்... குழிக்கு முன்னால வந்து நிக்குதாம்... நீ பயந்து பயந்து சதைய இறுக்கிப் புடிச்சிருக்கியாம். அந்தச் சதைதான் எலும்ப விடமாட்டேங்குதாம். சதை எளகினா தானா எறங்கிருமாம். எத்தினி பேருக்கு செஞ்சிருக்காராம்.”

“அப்ப சாவமாட்டால்ல? அதக் கேளு மொதல்ல” என்றாள் வெள்ளையம்மா.

மரியநாதன் கேட்டான். டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அமலோற்பவத்தையே பார்த்து, “தீடா மாத்தி” என்றார். சாகமாட்டாய். அதற்கு யாரும் அர்த்தம் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

டாக்டரின் மனைவி கொதிநீரில் துணியை முக்கிப் பிழிந்து அவளுடைய இரண்டு கன்னத்திலும் வைத்தாள். ஆறினால் எடுத்து வேறு வைத்தாள். பேசிக்கொள்ள இருவருக்கும் பொதுவாக ஒரு வார்த்தை கிடையாது. அந்த அம்மாள் அவள் தலையைப் பின்னாலிருந்து தன் வயிற்றோடு சாய்த்துக்கொண்டு, காதுக்கு முன்னால் விரலால் வட்டம் வட்டமாக நீவிவிட்டாள். வெளியே மாட்டுவண்டிகள் போயின. மீன்காரன் கூவிக்கொண்டு போனான். வெகுநேரத்துக்குப் பிறகு அமலோற்பவத்தின் தோள்கள் கீழே இறங்கின. அவள் அதைக் கவனிக்கவில்லை, டாக்டர் கவனித்தார். சத்தமில்லாமல் எழுந்து, துணி சுற்றிய விரல்களை உள்ளே வைத்து, கீழே அழுத்திப் பின்னால் தள்ளினார்.

மொடுக்கென்று ஒரு பக்கம். மறுபடி ஒன்று.

பற்கள் ஒன்றின்மேல் ஒன்று வந்து உட்கார்ந்தன. டாக்டர் விரலை வெளியே இழுக்கப் பிந்திவிட்டார். துணியில் ரத்தம் கசிந்தது. அவர் சிரித்தபடி கையை உதறிக்கொண்டார். அமலோற்பவம் உமிழ்நீரை விழுங்கினாள். விழுங்க முடிந்தது. அவ்வளவுதான், அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அந்த அம்மாள் உடனே அவள் மோவாயைப் பிடித்துக்கொண்டாள். வாயைத் திறந்து அழக்கூடாதாம்.

மோவாயிலிருந்து உச்சிக்கு ஒரு கட்டுப் போட்டார்கள். கஞ்சிதான் குடிக்க வேண்டும். கொட்டாவி வந்தால் மோவாய்க்குக் கீழே கையைக் கொடுத்துக்கொள்ள வேண்டும். கரும்பு கூடாது, கத்தக் கூடாது. பிறகு டாக்டர் மரியநாதனைக் கூப்பிட்டார்.

“ஒருதடவ வெலகினா பூட்டு தளந்துருமாம். திரும்ப வந்தாலும் வருமாம்” என்று அவன் வெள்ளையம்மாவிடம் சொன்னான். “என்னய கத்துக்கச் சொல்றாரு.”

டாக்டர் தன் வாயைத் திறந்து, மரியநாதனின் பெருவிரல்களை எடுத்துத் தன் கடைவாய்ப் பல்லின் மேலேயே வைத்தார். கீழே, அப்புறம் பின்னால் என்று கண்ணால் காட்டினார். மரியநாதனின் கை உதறலில் டாக்டரின் தலையும் சேர்ந்து ஆடியது. அந்த அம்மாள் துணியால் வாயைப் பொத்திச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள். “என்னால ஆவாது துவான்” என்று மரியநாதன் கையை இழுத்துக்கொண்டான். டாக்டர் விடவில்லை. இரண்டாம் முறை வைத்துக் காட்டிவிட்டுத்தான் அனுப்பினார்.

சேவல் அங்கேயே தங்கியது.

*

தோட்டத்துக்குத் திரும்பியபோது லயமே வாசலில் நின்று பார்த்தது. வாய் மூடியிருந்தது, ஆனால் தலையில் கட்டு. “பிணத்துக்குக் கட்டுற மாதிரியில்ல கட்டியிருக்கு” என்று யாரோ சொன்னது அவள் காதில் விழுந்தது. பெரட்டில் அவளுக்குப் பக்கத்தில் வெள்ளையம்மாவைத் தவிர யாரும் நிற்பதில்லை. பேச்சியம்மாள் பிள்ளையை வாங்கிக்கொண்டாள், ஆனால் வாங்கும்போது அமலோற்பவத்தின் விரல் படாமல் பார்த்துக்கொண்டாள். நிரையை மாற்றித் தரச் சொல்லி மரியநாதன் கங்காணியிடம் போய் நின்றான். “வேற யாரு போவா?” என்று அவர் கேட்டதும் திரும்பிவந்தான்.

கட்டு அவிழ்ந்த பிறகும் பயம் அவிழவில்லை. அவளுக்குத் தன் வாயைக் கண்டே பயம். கொட்டாவி வருகிறது என்று தெரிந்தால் பால்வெட்டும் உளியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் மோவாயைத் தாங்குவாள். சோற்றைக் குழையப் பிசைந்து குழந்தைக்கு ஊட்டுகிற அளவில் உருட்டிப் போட்டுக்கொள்வாள். மாதக் கடைசியில் சாமியார் வந்து பூசை வைத்தபோது எல்லாரும் பாடினார்கள். அவள் உதட்டை மட்டும் அசைத்தாள். பிள்ளை முதல்முறை தவழ்ந்தபோது சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அதையும் கையால் பொத்தி விழுங்கினாள். ஆற்றோரத்து நிரையில் தனியாக நிற்கும்போது இங்கே வாய் திறந்துகொண்டால் யார் வருவார்கள் என்ற நினைப்பு வரும். உடனே கூலிக்கு வெட்டுகிறவளைப்போல இல்லாமல், திருடுகிறவளைப்போல அவசர அவசரமாக மரத்துக்கு மரம் ஓடுவாள்.

வருசக் கடைசி மழை பிடித்துக்கொண்டது. நாள் கணக்கில் விடவில்லை. மரங்களில் பால் பிடிக்கக் கட்டிய மங்குகளில் பாலுக்குப் பதில் மழைத்தண்ணீர் நிறைந்தது. வெட்டு நின்றது. ஆறு கரையேறிப் பாலத்தை மூழ்கடித்தது. மருந்துக்கொட்டகை அந்தக் கரையில், லயம் இந்தக் கரையில். சடக்கும் தண்ணீருக்குள் போய்விட்டதாக மாட்டுக்காரன் சொன்னான்.

மதியம் அவள் மரவள்ளிக்கிழங்கு அவித்துக்கொண்டிருந்தாள். விறகு ஈரம். புகை வீட்டை நிறைத்தது. ஊதுகுழலை எடுக்கக் குனிந்தவளுக்குத் தும்மல் வந்தது. கையைக் கொண்டுபோவதற்குள் வந்துவிட்டது.

அந்தச் சத்தம் கூரையில் மழை இரைகிற இரைச்சலிலும் மரியநாதனுக்குக் கேட்டது. அவன் திரும்பினான். அவள் அடுப்பின் முன்னால் வாய் பிளந்து நின்றாள்.

“அய்யோ” என்றான். சுவரோரமாகப் பின்வாங்கினான்.

வெள்ளையம்மா ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் லயம். கங்காணியும் பேச்சியம்மாளும் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு வந்தார்கள். பேச்சியம்மாள் அமலோற்பவத்தின் முகத்தை ஒருமுறைதான் பார்த்தாள். பாயில் கிடந்த பிள்ளையைச் சட்டென்று அள்ளிக்கொண்டு மழையில் இறங்கி ஓடினாள். அமலோற்பவம் ஊளையிட்டபடி வாசலுக்குப் பாய்ந்தாள். ஆட்கள் வழியை அடைத்து நின்றார்கள்.

“அன்னிக்கே சொன்னேன், கேக்கலியே!” என்றார் கங்காணி. “ஜப்பான்காரன் பூட்டினது எத்தினி நாளைக்கு நிக்கும்? வீரமுத்து, கொலய எடுத்துக்கிட்டு வாப்பா!”

“டிரசர கூப்புடுங்க!”

“ஆத்தப் பாத்தியா நீ? யான போனாலும் அடிச்சிக்கிட்டுப் போயிரும்.”

மரியநாதன் சுவரோரமாக உட்கார்ந்துவிட்டிருந்தான். அமலோற்பவம் அவனைப் பார்த்தாள். பூசாரி வேப்பங்குலையோடு வாசலில் ஏறுவதையும் பார்த்தாள். அவருக்கும் விருப்பமில்லை என்பது முகத்தில் தெரிந்தது. ஆனால் இத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்கும்போது அவர் அடிக்காமல் போகமாட்டார். அடித்தால் கன்னத்தில் விழும். தாடையில் விழும். எலும்பு ஒடியும். இல்லையென்றால் இந்தப் பிளந்த வாயோடு, மழை விடுகிறவரைக்கும், புரையேறிப் புரையேறி... அதற்குமேல் அவளால் நினைக்க முடியவில்லை.

அவள் நேராகப் போய் மரியநாதனின் முன்னால் தரையில் உட்கார்ந்தாள். சுவரில் தலையை அழுத்திச் சாய்ந்துகொண்டாள். அவன் கைகளை எடுத்துத் தன் முகத்தருகே கொண்டுபோனாள்.

“மாட்டேன் அமலு. என்னால முடியாது. ஒடைச்சிருவேன்.”

“ஏலே, அந்த டாக்டரு சொல்லிக் குடுத்தாருல்ல!” என்று வெள்ளையம்மா கத்தினாள். அவள் அதற்குள் கிழங்கு வெந்த தண்ணீரில் துணியை முக்கிக்கொண்டிருந்தாள். “நீ செய்யலன்னா இவனுங்க அடிச்சே கொன்னுருவானுங்க. பூசாரி, அங்கனயே நில்லு! இவன் செஞ்சு முடிக்கட்டும்!”

பூசாரி நின்றுவிட்டார். குலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

வெந்நீர்த் துணி கன்னத்தில் பட்டது. அமலோற்பவம் கண்ணை மூடினாள். பிள்ளையின் அழுகை மழைக்குள்ளிருந்து எங்கோ கேட்டது. எழுந்து ஓட உடம்பு துடித்தது. ஓடக்கூடாது, இறுக்கக்கூடாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். தோளை இறக்கினாள். மூச்சை மெதுவாக விட்டாள். அவள் உடம்பு முழுவதும் பயந்துகொண்டிருந்தது. அதில் தாடையை மட்டும் தனியாகப் பிரித்து, இது மட்டும் பயப்படவேண்டாம் என்று சொல்கிற வேலை அது. துணி ஆறியது. வெள்ளையம்மா வேறு வைத்தாள்.

மரியநாதன் தலைத்துண்டைக் கிழித்து விரலில் சுற்றிக்கொண்டான். சுற்றத் தெரியாமல் சுற்றினான். விரல்கள் உள்ளே வந்தன. தவறான பல்லின் மேல் உட்கார்ந்தன. அவள் அவனுடைய மணிக்கட்டைப் பிடித்து இன்னும் உள்ளே தள்ளினாள். அவன் முகம் அவள் முகத்துக்கு மிக அருகில் இருந்தது. கண்ணீர் மூக்கு வழியாக அவள் மேல் சொட்டியது. அவள் அவன் மணிக்கட்டைக் கீழே இழுத்தாள், இன்னும் இன்னும் என்று.

அவன் அழுத்தினான். வலி வந்தது. அவள் உதைக்கவில்லை.

“கீழ... பொறவு பின்னால...” என்று அவன் தனக்குள் சொல்லிக்கொண்டான். “கீழ... பின்னால...”

வலது பக்கம் இறங்கியது. இடது பக்கம் இறங்கவில்லை. வாய் கோணிக்கொண்டது. பார்த்துக்கொண்டிருந்த ஒருத்தி ஓவென்று அலறினாள். மரியநாதனின் கை அந்த அலறலில் தளர்ந்தது. அமலோற்பவம் விடவில்லை, இரண்டு கையாலும் அவன் வலது கையைப் பிடித்துத் தன் பாரத்தையெல்லாம் போட்டுத் தொங்கினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு தள்ளினான்.

மொடுக்கென்றது.

பற்கள் அவன் விரலின் மேல் மூடின. அவன் கத்தவில்லை. விரலை எடுக்கவும் இல்லை. தான் செய்தது அவனுக்குத் தெரியவே இல்லை. வெள்ளையம்மாதான் அவன் கையை உருவி எடுத்தாள். துண்டெல்லாம் ரத்தம்.

“எறங்கிருச்சு! எறங்கிருச்சுடா மரியநாதா!”

அமலோற்பவம் ஒருமுறை விழுங்கிப் பார்த்தாள். மோவாய்க்குக் கீழே இடது கையைக் கொடுத்துக்கொண்டு எழுந்தாள். வாசலில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். கங்காணியும் பூசாரியும்கூட ஒதுங்கினார்கள். அவள் மழையில் இறங்கினாள். முழங்கால் வரை சேற்றுத்தண்ணீர் ஓடியது. அவளுக்குப் பின்னால் மரியநாதன், கடிபட்ட விரல்களை அக்குளில் இடுக்கிக்கொண்டு, “மெதுவா போ அமலு... வாயத் தொறந்துராத... மெதுவா...” என்று சொல்லிக்கொண்டே ஓடிவந்தான்.

கங்காணி வீட்டு வாசலில் பேச்சியம்மாள் பிள்ளையை அணைத்தபடி நின்றாள். அமலோற்பவத்தைக் கண்டதும் நிலைக்கதவு வரை பின்வாங்கினாள். அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அமலோற்பவம் படியேறி, சொட்டச் சொட்ட நனைந்தபடி அவள் எதிரே நின்றாள். வலது கையை நீட்டினாள். பல்லைச் சேர்த்து வைத்துக்கொண்டு, உதட்டை மட்டும் கொஞ்சம் பிரித்து,

“பயமாத்தான்க்கா இருக்கு, எனக்கும்” என்றாள். “புள்ளயக் குடுங்க.”

பேச்சியம்மாள் பிள்ளையைக் கொடுத்தாள். இந்த முறை விரலில் விரல் பட்டது.